பெற்றோல் இறைக்கும் பம்பு எதனால் செய்தது என்று கேட்போம்

(தோட்டத் தலைவர்மாருக்கும் மாதர் சங்கத் தலைவிமாருக்கும் நடந்த தொழிற் பாதுகாப்பு வகுப்பில் சங்கத்தின் பாதுகாப்புக் குழு சார்பில் ஆற்றப்பட்ட உரை)



சம்பளம், கொழுந்து நிறை, அரைப் பேர் என்று எத்தனையோ இருக்க, பம்பைப் பற்றிப் பேச ஒரு ஞாயிற்றுக்கிழமையா என்று உங்களில் சிலர் நினைக்கலாம். காலையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே ஒரு தலைவர் எங்களிடம் கேட்டுவிட்டார்: "தண்ணிப் பம்பா, மருந்துப் பம்பா?" இரண்டும் இல்லை. பெரலிலிருந்து பெற்றோலும் டீசலும் மண்ணெண்ணெயும் இறைக்கிற பம்பைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம்.

நம் அப்பாமார் காலத்தில் தோட்டத்தில் பெற்றோல் என்றால் துரையின் வாகனத்துக்கு மட்டும்தான். இன்றைக்கு அப்படியா? புல்லு வெட்டும் மெசினுக்குப் பெற்றோல், கவ்வாத்து மெசினுக்குப் பெற்றோல், கொழுந்து வெட்டும் மெசினுக்கும் பெற்றோல். ஸ்டோரில் கரண்ட் போனால் ஜெனரேட்டருக்கு டீசல். லொறிக்கும் டிராக்டருக்கும் டீசல். மலைக்குப் போகிற தொழிலாளி மண்வெட்டியோடு பெற்றோல் கேனையும் தூக்கிக்கொண்டு போகிற காலம் இது. பெரலைத் திறப்பதும் இறைப்பதும் கேனில் ஊற்றுவதும் நாம்தான். அதற்கு என்ன பம்பு வாங்குவது என்று தீர்மானிப்பது மட்டும் நாமில்லை.

சென்ற வருடம் தை மாதம் ஒரு தோட்டத்தில் நடந்ததை முதலில் சொல்கிறோம். தோட்டத்தின் பெயர் வேண்டாம், விஷயம் இன்னும் முடியவில்லை.

பெரட்டு முடிந்த நேரம். சாமான் அறையில் வேலை செய்யும் நம் சகோதரர் ஒருவர், புல்லு வெட்டும் மெசின்களுக்காக 200 லீற்றர் பெரலிலிருந்து பெற்றோல் இறைத்துக்கொண்டிருந்தார். பெரலில் பூட்டியிருந்தது கையால் சுற்றுகிற ஒரு பிளாஸ்டிக் பம்பு. கடையில் தண்ணீருக்கும் தேங்காய் எண்ணெய்க்கும் விற்கிற சாதி. பூட்டி இரண்டு மாதத்தில் கைப்பிடி இறுகிவிட்டது. ஒரு ஆள் சுற்ற முடியாமல், கைப்பிடியில் இரும்புக் குழாய் ஒன்றைச் செருகி நீட்டிச் சுற்றினார்கள். அந்த இழுப்பில் பம்பின் கழுத்தில் வெடிப்பு விழுந்தது. வெடிப்பில் சீலைத்துண்டைக் கட்டினார்கள். சீலை நனைந்து, பெரலின் பக்கமாகப் பெற்றோல் வழிந்து, தரை எப்போதும் ஈரமாக இருந்தது. பம்பு ஒழுகுகிறது என்று சகோதரர் இரண்டு தடவை வாயால் சொல்லியிருக்கிறார். எழுதிக் கொடுக்கவில்லை. நம்மில் யார் எழுதிக் கொடுக்கிறோம்?

அந்த அறைக்கு வெளியே நான்கு படி இறங்கினால் ஒரு சார்ப்பு. அங்கே தேத்தண்ணி கொதிக்க வைக்கிற அடுப்பு. அன்றைக்குக் காற்றே இல்லை, மூடுபனி. அடுப்பில் வேலை செய்த அக்கா சொன்னது இதுதான்: "அடுப்புக்குப் பக்கத்திலே தரையிலே நீலமா ஒரு வெளிச்சம். அது படியிலே ஏறிப் போச்சு." தரையிலிருந்து படிவழியாகத் தீ மேலே ஏறிப் போனதை அவர் கண்ணால் கண்டிருக்கிறார். அடுத்த நொடி அறை முழுவதும் சுவாலை. பிளாஸ்டிக் பம்பு மெழுகுவர்த்திபோல உருகி வழிந்து, பெரலின் வாய் திறந்து, அந்த வாயிலும் தீ. மணலை அள்ளிப் போட்டு, ஸ்டோரிலிருந்து தீயணைப்புச் சிலிண்டரைக் கொண்டுவந்து அணைத்தார்கள். சகோதரருக்கு இரண்டு காலும் இடது கையும் வெந்துவிட்டன. நான்கு மாதம் அவருக்கு வேலை இல்லை. அவருடைய மனைவி கொழுந்தெடுத்த சம்பளத்தில் ஐந்து பேர் சாப்பிட்டார்கள்.

பிறகு நிர்வாகத்திடமிருந்து கடிதம் வந்தது, மூன்று வரியில். அவர் "வேண்டுமென்றே பாதுகாப்புக் கட்டளைகளை மீறி அசட்டையாக நடந்துகொண்டார்" என்று எழுதியிருந்தது. அந்த "வேண்டுமென்றே" என்ற சொல்லை நினைவில் வைத்திருங்கள். அது ஏன் அங்கே வந்தது என்று பின்னால் சொல்கிறோம்.

பாதுகாப்புக் குழுவிலிருந்து நாங்கள் மூன்று பேர் போய்ப் பார்த்தோம். எரிந்த பம்பு ஒரு கறுப்புக் கட்டியாகிக் கிடந்தது. அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் அதே நாளில் அதே கடையில் வாங்கிய இன்னொரு பம்பு மற்ற டிவிசனில் இருந்தது. தலைவரும் கிளாக்கரும் பக்கத்தில் நிற்க, அதைக் கழற்றிப் பார்த்தோம். உள்ளே இருந்த இறப்பர் வாசர், இருக்கவேண்டிய பள்ளத்தை விட்டுப் பிதுங்கி, தண்ணீரில் ஊறிய அப்பளம்போல இருந்தது. நகத்தால் சுரண்டினால் கையோடு வந்தது. கைப்பிடி ஏன் இறுகியது, கழுத்து ஏன் வெடித்தது, தரை ஏன் ஈரமானது என்பதற்கெல்லாம் பதில் அந்த வாசரில் இருந்தது.

மேசையில் இரண்டு சின்ன வட்டத் துண்டுகள் வைத்திருக்கிறோம், பாருங்கள். வலது பக்கம் இருப்பது கேகாலைப் பக்கத்துத் தோழர் ஒருவர் கொண்டுவந்த இறப்பர் ஷீற்றிலிருந்து வெட்டியது. நம் ஆட்கள் விடியற்காலையில் பால் வெட்டி, உறைய வைத்து, உருட்டிக் காயப்போட்ட அசல் இறப்பர். இடது பக்கம் இருப்பது நைட்ரைல் என்கிற செயற்கை இறப்பர், டீசல் பம்பு திருத்துகிற கடையில் வாங்கியது. இரண்டையும் ஒரே அளவாக வெட்டி, ஒரு கிழமை டீசல் போத்தலில் ஊறவைத்தோம். இன்று காலையில் எடுத்துத் துடைத்துக் கொண்டுவந்தோம். நைட்ரைல் வெட்டினபடியே இருக்கிறது. நம்முடைய இறப்பர் எப்படி ஊதியிருக்கிறது என்று உங்களுக்கே தெரிகிறது. பெற்றோலில் போட்டிருந்தால் இன்னும் சீக்கிரம் ஊதியிருக்கும். பெற்றோலை மண்டபத்துக்குள் கொண்டுவர நாங்கள் விரும்பவில்லை.

இதில் அதிசயம் ஒன்றுமில்லை. சைக்கிள் டியூப் ஒட்டுகிற சொலுசன் என்ன? பெற்றோல் போன்ற ஒரு திரவத்தில் கரைத்த இறப்பர்தானே! பெற்றோலில் கரைகிற பொருளைப் பெற்றோலுக்குக் காவல் வைக்கலாமா? 1876 இல் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் கன்று நட்ட நாளிலிருந்து இந்த நாட்டுக்குச் சோறு போடுகிற மரம் இறப்பர் மரம். தண்ணீருக்கும் டயருக்கும் கையுறைக்கும் அது தங்கம். எண்ணெய்க்கு மட்டும் ஆகாது. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் 1930 களில் ஜெர்மனியில் நைட்ரைல் இறப்பரைக் கண்டுபிடித்தார்கள். இன்று பெற்றோல், டீசல், மண்ணெண்ணெய் மூன்றுக்கும் வாசராகவும் ஓஸின் உட்பக்கமாகவும் போடுவது பெரும்பாலும் அதுதான். அதைவிட உறுதியாக வேண்டுமானால் வைட்டன் என்று ஒன்று உண்டு, விலை கூட. டெப்லோன் எந்த எண்ணெய்க்கும் அசையாது, ஆனால் இறப்பர்போல வளைந்து கொடுக்காது. ஈபிடிஎம் என்று இன்னொரு கறுப்பு இறப்பர் இருக்கிறது. பார்வைக்கு நைட்ரைல் மாதிரியே இருக்கும். தண்ணீருக்கும் வெயிலுக்கும் அருமையானது. பெற்றோல் பட்டால் ஊதிவிடும். ஆகவே கறுப்பு நிறத்தைப் பார்த்து வாங்கக்கூடாது, பெயரைக் கேட்டு வாங்கவேண்டும். கடைக்காரருக்கே பெயர் தெரியாவிட்டால் அந்தக் கடையில் வாங்கவேண்டாம்.

ஓஸ் விஷயமும் இப்படித்தான். கண்ணாடிபோல உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாயைப் பெற்றோலுக்குப் பாவிப்பதை எல்லாத் தோட்டத்திலும் பார்க்கிறோம். எவ்வளவு வருகிறது என்று கண்ணால் பார்க்க வசதி என்பார்கள். அந்தக் குழாய் மெதுவாக வளைவதற்காக அதில் ஒரு எண்ணெய்ப் பொருளைச் சேர்த்திருக்கிறார்கள். பெற்றோல் அதைக் கரைத்து எடுத்துவிடும். கொஞ்ச நாளில் குழாய் மஞ்சளாகி, விறகுபோல விறைத்து, மடிக்கிற இடத்தில் வெடிக்கும். உங்கள் தோட்டத்தில் அப்படி விறைத்த குழாய் இருந்தால் அதற்குக் காரணம் இதுதான்.

இனி, நீல வெளிச்சம் படியேறிப் போன கதைக்கு வருவோம். எரிவது பெற்றோல் இல்லை, பெற்றோலின் ஆவி. மண்ணெண்ணெய் 38 பாகை செல்சியசுக்கு மேல் சூடானால்தான் பற்றக்கூடிய அளவுக்கு ஆவி விடும். டீசலுக்கு 50 பாகைக்கு மேல் வேண்டும். பெற்றோலுக்கோ பூச்சியத்துக்குக் கீழே 40 பாகையிலேயே அது போதும். நுவரெலியாவில் புல்லெல்லாம் உறைபனி பூத்து வெளுத்துக் கிடக்கிற விடியற்காலையிலும் திறந்த பெற்றோல் கேன் ஆவி விட்டுக்கொண்டே இருக்கும். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு பாரம். புகைபோல மேலே போகாது. தண்ணீர்போலத் தரையில் ஓடும், படியில் இறங்கும், கானுக்குள் போய்த் தேங்கும். காற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்றரைப் பங்கு ஆவி கலந்தாலே பற்றுவதற்குப் போதும். அன்றைக்கு நான்கு படி இறங்கி அடுப்பைத் தேடிப் போனது அதுதான். நம் தோட்டங்களில் எல்லாமே சரிவில் கட்டியவை. ஸ்டோருக்குக் கீழே லயம், லயத்துக்குக் கீழே பிள்ளை மடுவம். மேலே ஒழுகினால் கீழே யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

டீசல் ஆபத்தில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. ஊசித்துளை வழியாக அழுத்தத்தோடு பீச்சினால் டீசல் தூவானமாகிச் சாதாரண சூட்டிலேயே பற்றும். சீலையில் ஊறினாலும் அப்படித்தான். விளக்குத் திரி வேறென்ன?

சரி, பம்பின் உடம்பு எதனால் செய்ததாக இருக்கவேண்டும்? இந்தக் கேள்விக்கு ஒரே பதில் இல்லை. அதனால்தான் நிர்வாகங்கள் "எல்லாம் ஒன்றுதான்" என்று தட்டிக் கழிக்கின்றன.

பிளாஸ்டிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பம்பு செய்கிற பொலிபுரொப்பிலீன் 160, 170 பாகையில் உருகிவிடும். பெற்றோல் தீ ஆயிரம் பாகை வரை போகும். தீ வந்தால் முதலில் போய்விடுவது பம்புதான். போகும்போது பெரலின் வாயையும் திறந்துவிட்டுப் போகிறது. அன்று நடந்தது அதுவே. அலுமினியம் 660 பாகை வரை தாங்கும். வார்ப்பிரும்பு அதைவிட எவ்வளவோ மேல். ஆனால் வார்ப்பிரும்புக்கு ஒரு குணம் உண்டு: வளையாது, உடையும். கீழே போட்டாலும், சம்மட்டியால் தட்டினாலும், தீயில் பழுத்திருக்கும்போது தண்ணீர் ஊற்றினாலும் வெடித்துவிடும். எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளில் உலகமெங்கும் பின்பற்றுகிற அமெரிக்கப் பெற்றோலிய நிறுவகத்தின் 610 ஆம் இலக்கப் பம்பு நியமம் இருக்கிறது. எரியும் திரவத்தை இறைக்கிற பெரிய பம்புகளின் உறை உருக்காக இருக்கவேண்டும், வார்ப்பிரும்பு ஆகாது என்று அது சொல்வது இதனால்தான். பெரலில் பூட்டுகிற கைப்பம்புக்கு அவ்வளவு கண்டிப்பு இல்லை. அழுத்தம் குறைவு. வார்ப்பிரும்பிலும் அலுமினியத்திலும் பெற்றோலுக்கென்றே செய்து, அதற்கென்று பரீட்சித்து முத்திரை குத்திய கைப்பம்புகள் இருக்கின்றன. அவை போதும். சங்கம் கேட்பதும் அதைத்தான். தங்கப் பம்பு கேட்கவில்லை.

அலுமினியத்தில் ஒரு கவனம் வேண்டும். துருப்பிடித்த இரும்பின்மேல் அலுமினியம் வேகமாக மோதினால் வெள்ளையாகச் சூடான பொறி கிளம்பும். இரும்பும் இரும்பும் உரசுகிற பொறியைவிட அது பொல்லாதது. ஆகவே அலுமினியப் பம்பைத் துருப்பிடித்த பெரலின்மேல் தொப்பென்று போடக்கூடாது. பெரல் மூடியைத் திறக்கச் சுத்தியலும் உளியும் பாவிக்கிற பழக்கத்தையும் விட்டுவிடவேண்டும். பித்தளைத் திறப்பு என்று ஒன்று இருக்கிறது. பித்தளை பொறி விடுவது அபூர்வம். ஆனால் செம்பு, பித்தளைப் பாத்திரத்தில் பெற்றோலை மாதக்கணக்கில் வைத்தால் பிசின் கட்டும். துத்தநாகம் பூசிய வாளியில் டீசலை வைத்தாலும் கெட்டு, வடிகட்டியை அடைத்துவிடும். ஒவ்வொரு உலோகத்துக்கும் ஒவ்வொரு சாடி, பாருங்கள்.

பிளாஸ்டிக்குக்கு இன்னொரு குற்றமும் உண்டு. அதுதான் ஆட்களுக்கு விளங்கவைக்கக் கஷ்டமானது. பெற்றோல் ஓஸுக்குள் உரசிக்கொண்டு ஓடும்போது மின்சாரம் உண்டாகிறது. கம்பளியைக் கழற்றும்போது இருட்டில் படபடவென்று பொறி வருமே, அதே மின்சாரம். உலோகப் பம்பும் உலோகப் பெரலும் நிலத்தோடு தொடர்பாக இருந்தால் அது மண்ணுக்குள் இறங்கிவிடும். பிளாஸ்டிக் அதை இறங்க விடாது, பிடித்து வைத்திருக்கும். பிளாஸ்டிக் கேன்மேல் தகரப் புனலை வைத்து ஊற்றுகிறோமே, அந்தப் புனலில் மின்சாரம் சேர்ந்து, பம்பின் மூக்குக்கும் புனலுக்கும் நடுவே பொறி பாயும். பெற்றோல் ஆவியைப் பற்றவைக்க மிகச் சின்னப் பொறி போதும், நம் விரலில் உணரக்கூட முடியாத பொறி. ஆகவே பெரலுக்கும் உலோகக் கேனுக்கும் நடுவே ஒரு கம்பியைக் கிளிப்பால் பிடித்துவிட்டு, பெரலை நிலத்தில் அடித்த கம்பியோடு இணைக்கவேண்டும். கேனை டிராக்டர் பெட்டியிலோ உரச்சாக்குகளின் மேலோ வைத்து நிரப்பாமல் மண்ணில் இறக்கி வைக்கவேண்டும். மூக்கு கேனின் வாயைத் தொட்டபடி இருக்கட்டும். முதலில் மெதுவாக ஊற்றுங்கள். நேற்றுப் பெற்றோல் இருந்த கேனில் இன்று டீசல் ஊற்றும்போதும் இதே கவனம் வேண்டும். உள்ளே பழைய பெற்றோல் ஆவி நிற்கிறது, ஓடிவருகிற டீசல் மின்சாரம் கொண்டுவருகிறது.

மோட்டார் பம்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். வீட்டுத் தண்ணி மோட்டாரைப் பெற்றோலுக்குப் போடவே கூடாது. பெற்றரியில் ஓடுகிற மலிவான சின்ன மோட்டாரும் அப்படியே: அதன் உள்ளே கரித்துண்டு சுழன்று பொறி விடும், பெற்றரிக் கிளிப்பைப் பிடிக்கும்போது வெளியிலும் பொறி விடும். உள்ளே பொறி விழுந்தாலும் வெளியே தீ வராதபடி உறை போட்ட மோட்டார்கள் இருக்கின்றன. அது இல்லையென்றால் கைப்பம்பே மேல்.

கையிலும் பம்பு இல்லை, வாயே பம்பு என்று சிலர் இருக்கிறார்கள். சிரிக்கவேண்டாம், இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள். ஓஸை வாயில் வைத்து உறிஞ்சுவது. வயிற்றுக்குள் போவதைவிட நெஞ்சுக்குள் போவதுதான் ஆபத்து. ஒரு மிடறு மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் போனால் சளிசுரம்போல நெஞ்சு வெந்து, ஆளைக் கொண்டுபோய்விடும். அப்படி விழுங்கிய ஆளையோ பிள்ளையையோ விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீரும் கொடுக்காதீர்கள். வாந்தி வரும்போதுதான் அது நெஞ்சுக்குள் இறங்கும். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். போத்தலையும் கையோடு எடுத்துப் போங்கள்.

இந்த இடத்தில் தலைவிமாருக்கு ஒரு விஷயம். 2022 இல் நாம் பட்ட பாடு மறக்காது. பெற்றோல் வரிசை, டீசல் வரிசை, மண்ணெண்ணெய்க்கு விடியவிடிய வரிசை. கேனில் தரமாட்டோம் என்றார்கள். கிடைத்ததைக் கிடைத்த பாத்திரத்தில் வாங்கி லயத்துக் காம்பராவில் கட்டிலுக்கடியில் வைத்தோம். வரிசை போய்விட்டது, பழக்கம் போகவில்லை. இன்றும் சில வீட்டில் மெசினுக்குக் கொடுத்த பெற்றோலில் மிச்சம் ஒரு போத்தல் இருக்கிறது. அதை மண்ணெண்ணெய்ப் போத்தலுக்குப் பக்கத்தில் வைக்கிறோம். ஒரே பம்பால், ஒரே புனலால் இரண்டையும் ஊற்றுகிறோம். மண்ணெண்ணெயில் கொஞ்சம் பெற்றோல் கலந்தாலே அது மண்ணெண்ணெயின் குணத்தை இழந்துவிடும், விளக்கிலும் குக்கரிலும் குபீரென்று பற்றும். பெற்றோலுக்கு ஒரு பம்பு, மண்ணெண்ணெய்க்கு ஒரு பம்பு, ஆளுக்கொரு நிறம் பூசுங்கள். வீட்டில் பெற்றோல் வேண்டவே வேண்டாம்.

குப்பி விளக்கைப் பற்றி நினைக்கும்போது வைத்தியர் விஜய கொடகும்புரவை நினைக்காமல் இருக்க முடியாது. சத்திர சிகிச்சை நிபுணர். குப்பி விளக்கு சாய்ந்து எரிந்தவர்களைக் கண்டு கண்டு மனம் நொந்தவர். "மக்களுக்குக் கவனமில்லை" என்று சொல்லிவிட்டு அவர் போயிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. விளக்கைப் பார்த்தார். உயரமான மெல்லிய போத்தல், இறுக்கமில்லாத மூடி. விழும், உருளும், உடையும், கொட்டும். மார்மைட் போத்தலைப்போலக் குட்டையாகவும் பாரமாகவும், தடித்த கண்ணாடியில், இரண்டு பக்கமும் தட்டையாக, திருகி மூடுகிற உலோக மூடியோடு ஒரு விளக்கைச் செய்தார். விழுந்தாலும் உருளாது, கொட்டாது. 1998 இல் அதற்கு ரோலெக்ஸ் பரிசு கிடைத்தது. விளக்கு அதே விளக்கு, எண்ணெய் அதே எண்ணெய், மனுசரும் அதே மனுசர். பொருளையும் வடிவத்தையும் மாற்றினார், அவ்வளவுதான். நம் சகோதரரின் விசாரணையில் இந்தக் கதையை நாங்கள் சொன்னோம். எதிரே இருந்த துரை கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

இப்போது அந்த "வேண்டுமென்றே" என்ற சொல்லுக்கு வருவோம். 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் இருக்கிறது. வேலையின்போது, வேலை காரணமாக விபத்து நடந்தால் முதலாளி நட்டஈடு கொடுக்கவேண்டும். தொழிலாளி கொஞ்சம் கவனம் தவறினார் என்பது மட்டும் அதைத் தடுக்காது. ஆனால் பாதுகாப்புக்காக வெளிப்படையாகக் கொடுத்த கட்டளையை அவர் வேண்டுமென்றே மீறினார் என்று காட்டிவிட்டால், முதலாளி தப்பிக்க வழி பிறக்கிறது. கடிதத்தில் அந்தச் சொல் தெரியாமல் விழவில்லை. நாங்கள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டோம்: "அந்தக் கட்டளையைக் காட்டுங்கள்." அறையில் ஒட்டியிருந்ததா? இல்லை. தமிழில் எழுதிக் கொடுத்தார்களா? இல்லை. எந்தப் பம்பு பாவிக்கவேண்டும் என்று எங்கேயாவது இருக்கிறதா? அதுவும் இல்லை. இருந்தது பம்பு வாங்கிய பற்றுச்சீட்டு மட்டும். அதில் கடைக்காரர் தன் கையாலேயே "வோட்டர் பம்பு" என்று எழுதியிருந்தார். பெற்றோலுக்குரிய பம்பின் விலை அதைப்போல ஐந்து மடங்கு இருந்திருக்கும், ஒத்துக்கொள்கிறோம். நான்கு மாதச் சம்பளமும் ஆஸ்பத்திரிச் செலவும் அதைவிட எத்தனை மடங்கு?

அந்தச் சொல்லை நிர்வாகம் எழுத்தில் வாபஸ் வாங்கியது. நட்டஈட்டு விண்ணப்பம் ஆணையாளரிடம் இருக்கிறது. சகோதரர் இலகுவான வேலைக்குத் திரும்பியிருக்கிறார். இடது கை விரல் இரண்டு இன்னும் மடங்கவில்லை.

தேயிலை ஸ்டோர் 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச்சட்டத்தின் கீழ் வருகிறது. மூன்று நாளுக்கு மேல் வேலைக்குப் போக முடியாத காயம் என்றால் அறிவிக்கவேண்டியது நிர்வாகத்தின் கடமை. தொழில் திணைக்களத்தில் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளர்கள் இருக்கிறார்கள். விபத்து நடந்த பிறகுதான் அவர்களைக் கூப்பிடவேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. பம்பு ஒழுகுகிறது என்று தோட்டக் கமிட்டி ஒரு கடிதம் எழுதி, திகதி போட்டு, ஒரு பிரதியை மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். அந்தச் சகோதரர் இரண்டு தடவை வாயால் சொன்னதற்குப் பதில் ஒரு தடவை எழுதியிருந்தால், எங்கள் வேலை பாதி முடிந்திருக்கும்.

நிர்வாகத்திடம் கேட்கும்போது "நல்ல பம்பு வேண்டும்" என்று கேட்காதீர்கள். நல்லது என்றால் என்ன என்று திருப்பிக் கேட்பார்கள். பெற்றோலுக்கென்று பரீட்சித்த உலோகப் பம்பு, நைட்ரைல் அல்லது வைட்டன் வாசர், பெற்றோலுக்குரிய ஓஸ், நிலத்துக்கு இறங்கும் கம்பி என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். பெரல் வைக்கிற அறையில் காற்றுப்போக்கு தரைமட்டத்திலும் வேண்டும், மேலே சன்னல் மட்டும் போதாது. அடுப்பு, தேத்தண்ணிக் கொதிகலம், வெல்டிங் எதுவும் அந்த அறையின் பக்கத்திலும், முக்கியமாகக் கீழ்ப்பக்கத்திலும் கூடாது. மருந்து தெளிக்கிற தோழர்களுக்கும் இதில் பங்கு உண்டு. பால்போலக் கலக்குகிற மருந்துகள் சிலவற்றில் எரிகிற கரைப்பான் இருக்கிறது, உங்கள் தெளிகருவியின் வாசரும் அதில் ஊறும். முதுகில் ஒழுகுகிறது என்றால் வாசரைக் கழற்றிப் பாருங்கள்.

கேள்விகள் இருந்தால் சாப்பாட்டுக்குப் பிறகு பேசுவோம். இந்த இரண்டு துண்டையும் இப்போது வரிசையாகக் கைமாற்றி அனுப்புகிறோம். எல்லாரும் தொட்டு, அமுக்கிப் பாருங்கள். கையில் டீசல் வாடை வரும், பின்னால் வாளியும் சவர்க்காரமும் வைத்திருக்கிறோம். புகைக்கிற தோழர்கள் கை கழுவிவிட்டு, வெளியே போய்ப் பற்றவையுங்கள்.